புள்ளியியல் படிக்காதவர் அமெரிக்கக் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பு எடுப்பது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருக்கும். துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: அடுத்த செமஸ்டரில் தொடக்கநிலைப் புள்ளியியல் வகுப்பை நீங்களே தனியாக எடுக்க வேண்டும். நீங்கள் படித்தது இயற்பியலாகவோ இயந்திரப் பொறியியலாகவோ தூய கணிதமாகவோ இருக்கலாம். புள்ளியியல் என்று பார்த்தால் இளங்கலையில் ஒரு தாளில் பாதி. வகுப்பு தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த மூன்று வாரத்துக்கும், அதற்குப் பின் வரும் பதினைந்து வாரத்துக்கும்.

முதலில் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். மூன்று வாரத்தில் புள்ளியியலை முழுசாகக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. இந்தக் கோர்ஸில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் ஐந்தாறுதான். அவற்றை அடிவரை தெரிந்துகொண்டு, தேர்வுத் தாளிலிருந்து பின்னோக்கிப் பாடத்தைக் கட்டினால் போதும். புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறவர்கள் ஆறாவது வாரத்தில் மூச்சு வாங்குவார்கள். கோர்ஸின் கடினமான பாதி அப்போதுதான் ஆரம்பிக்கும்.

துறையிடம் கேட்டு வாங்க வேண்டியவை

மின்னஞ்சல் வந்த அன்றே ஒருங்கிணைப்பாளரைப் போய்ப் பாருங்கள். வாங்க வேண்டியவை: கடந்த செமஸ்டரின் சிலபஸ், கடைசி மூன்று இறுதித் தேர்வுத் தாள்கள், பாடநூலின் ஆசிரியர் பிரதி, கேன்வாஸ் போன்ற இணைய வகுப்புத் தளத்தில் பழைய கோர்ஸின் நகல். கேட்க வேண்டியவை: இறுதித் தேர்வு எல்லாப் பிரிவுக்கும் பொதுவா, நீங்களே எழுதுவதா? கணக்குக்கு டிஐ-84 கால்குலேட்டரா, எக்செலா, ஆர் மொழியா? மாணவர்கள் பெரும்பாலும் எந்தத் துறைக்காரர்கள்? வகுப்பு முழுக்க நர்ஸிங் மாணவர்கள் என்றால் ரத்த அழுத்தமும் மருந்துச் சோதனையும்தான் உதாரணம். வணிக மாணவர்கள் என்றால் விற்பனையும் வாடிக்கையாளர் கணிப்பும்.

புத்தகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிடும் தொடக்கநிலைப் புள்ளியியல் நூல் இணையத்தில் இலவசம். மாணவர்களுக்கு நூறு இருநூறு டாலர் மிச்சமாகும் என்பது சின்ன விஷயமில்லை. புத்தகம் வாங்க முடியாமல் முதல் மூன்று வாரத்தை இழக்கும் மாணவர் எந்த வகுப்பிலும் ஒருவராவது இருப்பார்.

மூன்று வாரத் தயாரிப்பு

முதல் வாரம்: பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்து, புத்தகம் பார்க்காமல், கடிகாரம் வைத்து எழுதுங்கள். எங்கெல்லாம் பேனா நின்றதோ அந்த இடங்களை ஒரு நோட்டில் குறியுங்கள். ஏன் நின்றது, எது தெரிந்ததும் நகர்ந்தது என்று இரண்டு வரி. இன்று நீங்கள் தடுமாறிய இடம், பத்து வாரம் கழித்து உங்கள் மாணவர் தடுமாறப்போகும் இடம். இருபது வருடம் இதையே எடுத்துவரும் பேராசிரியருக்கு அந்தத் தடுமாற்றம் மறந்துபோயிருக்கும். உங்களுக்கு நேற்று நடந்தது. அந்த நோட்டை செமஸ்டர் முடியும்வரை விடாதீர்கள்.

இரண்டாம் வாரம்: நாட்களை எண்ணுங்கள். திங்கள், புதன், வெள்ளி 50 நிமிடம் என்றால் விடுமுறை போக 42 வகுப்பு அளவில் தேறும். செவ்வாய், வியாழன் 75 நிமிடம் என்றால் 28. அதில் இடைத்தேர்வு இரண்டு, அவற்றுக்கு முன் திருப்புதல் இரண்டு, முதல் நாள் ஒன்று, எதிர்பாராமல் போகும் நாள் ஒன்றிரண்டு ஆகியவற்றைக் கழியுங்கள். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங். அந்த வாரத்தில் புதுப் பாடம் வைத்தால் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். திங்கள், புதன், வெள்ளி வகுப்பென்றால் மிச்சம் 35. புத்தகத்தில் 13 அத்தியாயம் இருந்தாலும் உங்களால் எடுக்க முடிந்தது ஒன்பதோ பத்தோதான். எதை விடுவது என்று இப்போதே ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: முதல் மூன்று வாரப் பாடங்களையும், அவற்றுக்கான வீட்டுப்பாடத்தையும், குவிஸ்களையும் முழுக்கத் தயாராக்குங்கள். அதன்பின் எப்போதும் இரண்டு வாரம் முன்னால் இருக்க வேண்டும். நாளைய பாடத்தை இன்றிரவு படிக்கிறவர் ஒரு காய்ச்சலில் கவிழ்ந்துவிடுவார்.

மாணவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கணக்கையும் கொடுப்பதற்கு முன் உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். விடைப் புத்தகத்திலும் பிழை இருக்கும். 50 நிமிடத் தேர்வை நீங்கள் 15 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 25 நிமிடம் ஆனால் தாள் நீளம். ஒரு கேள்வியை எடுத்துவிடுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வகுப்பு இரண்டரை, ஆபீஸ் அவர்ஸ் (மாணவர் உங்கள் அறைக்கு வந்து கேள்வி கேட்கும் நேரம்) மூன்று, தயாரிப்பு எட்டு, திருத்தல் ஐந்து, மின்னஞ்சல் ஒன்றரை என்று பிரித்தால் கணக்கு சரியாக வரும். தயாரிப்பு பதினைந்துக்குப் போனால் அடிபடுவது உங்கள் ஆராய்ச்சிதான்.

சிலபஸ்

நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடப் பட்டியல். அமெரிக்காவில் அது மாணவரோடு போடும் ஒப்பந்தம் மாதிரி. தேர்வுத் தேதி, மார்க் பங்கீடு, தாமதமாகக் கொடுத்தால் என்ன, தேர்வுக்கு வராவிட்டால் என்ன எல்லாம் அதில் இருக்க வேண்டும். நடுவில் மாற்றினால் மாணவர் புகார் செய்வார். நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

வேலைக்காகும் பங்கீடு ஒன்று: வீட்டுப்பாடம் 15, வாரக் குவிஸ் 20, இடைத்தேர்வு இரண்டும் தலா 20, இறுதித் தேர்வு 25. வீட்டுப்பாட விடை இணையத்திலும் செயற்கை நுண்ணறிவிடமும் கிடைப்பதால் அதற்குப் பங்கைக் குறைத்து, வகுப்பில் கையால் எழுதும் குவிஸுக்குக் கூட்டியிருக்கிறோம். மோசமான இரண்டு குவிஸைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று எழுதிவிடுங்கள். கார் பழுது, அலாரம் அடிக்கவில்லை போன்ற மின்னஞ்சல்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியில் நின்றுவிடும்.

வாயில் வரும் வார்த்தைகள்

சொற்களில் கவனம் வேண்டும். நாம் ஆங்கிலமென்று பேசும் பல சொற்களுக்கு அங்கே வேறு பொருள். வகுப்பில் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டால், நான் சொன்னதை நம்பவில்லையா என்று கேட்பதுபோல் விழும், "க்வெஸ்சன்ஸ்" என்று கேளுங்கள். "த்ரீ இன்டு ஃபோர்" என்றால் நமக்குப் பெருக்கல். அவர்களுக்கு அது வகுத்தல்: நான்கில் மூன்று எத்தனை தடவை போகும் என்று. பலகையில் 12 எழுதியிருப்பீர்கள், மாணவர் முழிப்பார். "த்ரீ டைம்ஸ் ஃபோர்" என்று சொல்லிப் பழகுங்கள். "பிராக்கெட்" என்றால் அவர்களுக்குச் சதுர அடைப்புக்குறி, வளைந்ததற்கு "பரென்தஸிஸ்". மார்க் கிடையாது, "பாயிண்ட்ஸ்". அழிக்க "இரேசர்" கேளுங்கள். "ரப்பர்" என்பதற்கு அங்கே வேறு அர்த்தம்.

புள்ளியியலில் நித்தமும் வரும் ஓர் எழுத்து, நாம் "இசட்" என்பது. அங்கே அது "ஸீ". ஸீ-ஸ்கோர், ஸீ-டேபிள். "பாராமீட்டர்" என்று நீட்டாமல் இரண்டாம் அசையில் அழுத்தி "பராமிட்டர்". "ஹைப்பாதஸிஸ்" என்பதிலும் அழுத்தம் இரண்டாம் அசையில்தான். எதை அழுத்துகிறோம் என்பதுதான் அவர்கள் காதில் முதலில் விழும். அதனால் பத்துப் பதினைந்து கலைச்சொற்களை மட்டும் அகராதி ஒலிப்பதிவு கேட்டுப் பழகிக்கொண்டால் போதும், மற்றபடி பேச்சை மாற்ற வேண்டாம்.

எண்களில் காற்புள்ளியையும் கவனியுங்கள். பத்து லட்சத்தை 10,00,000 என்று கை தானாக எழுதும்; அங்கே 1,000,000. தேர்வுத் தேதியை 9/4 என்று எழுதினால் அவர்களுக்கு செப்டம்பர் 4, உங்களுக்கு ஏப்ரல் 9. மாதத்தின் பெயரை எழுதிவிடுங்கள்.

முதல் வகுப்பு

சிலபஸை ஐம்பது நிமிடமும் படித்துக்காட்டாதீர்கள். பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் ஒரு நல்ல கதையைக் கையில் எடுங்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. அதை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46-ஐ வென்றார். அதைவிட மிகச் சின்ன மாதிரியை வைத்திருந்த கருத்துக்கணிப்பாளர் காலப் சரியாகச் சொன்னார். பெரிய மாதிரி ஏன் தோற்றது? சீட்டு போனது தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவுப் பட்டியலிலும் இருந்தவர்களுக்கு. திருப்பி அனுப்பியதும் அவர்களில் ஒரு பகுதி மட்டும். இதை நீங்கள் சொல்லிவிடாமல், இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டுக் கண்டுபிடிக்கவையுங்கள்.

கேள்வி கேட்டதும் அமைதி வரும். மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். மூன்றாவது நொடியில் நீங்களே பதில் சொல்லிவிட்டால், செமஸ்டர் முழுக்க யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மாணவர் சாப்பிடுவார், தொப்பி போட்டிருப்பார், கேட்காமல் எழுந்து வெளியே போவார், உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இவற்றில் எதுவும் மரியாதைக் குறைவு இல்லை.

சறுக்கும் இடங்கள்

அட்டவணை முதலில் சறுக்கவைப்பது உங்களைத்தான். இந்தியப் பாடநூல்கள் பலவற்றில் இயல்நிலைப் பரவல் அட்டவணை நடுவிலிருந்து எண்ணும், 1.96-க்கு நேராக 0.4750 இருக்கும். அமெரிக்கப் பாடநூல்கள் பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்து எண்ணும், அதே 1.96-க்கு 0.9750. பழைய பழக்கத்தில் 0.5-ஐக் கூட்டினால் விடை ஒன்றைத் தாண்டிவிடும். எந்த அட்டவணை என்று முதலில் படத்தைப் பாருங்கள்.

திட்டவிலக்கத்தில் இரண்டு விடை. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்ணுக்குச் சராசரி 5. விலக்கங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் 32. எட்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சரியாக 2. ஏழால் வகுத்தால் 2.14. கால்குலேட்டர் இரண்டையும் அடுத்தடுத்து காட்டும்; மாணவர் கண்ணில் முதலில் பட்டதை எழுதுவார். மாதிரி (சாம்பிள்) என்றால் ஏழு, முழுமைத்தொகுதி (பாப்புலேஷன்) என்றால் எட்டு. ஏன் ஏழு என்று கேட்பார்கள். ஏழு விலக்கம் தெரிந்தால் எட்டாவது தானாகத் தெரிந்துவிடும், எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டுமே என்பதைப் பலகையில் எட்டாவது எண்ணை மறைத்துக் காட்டுங்கள். இந்த நிலைக்கு அந்த விளக்கம் போதும்.

நிபந்தனை நிகழ்தகவில் சூத்திரத்தை ஒதுக்கிவைத்து ஆட்களை எண்ணுங்கள். ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு. சோதனை நோயாளிகளில் 90 விழுக்காட்டைப் பிடிக்கும். நோயில்லாதவரில் 9 விழுக்காட்டைத் தவறாகக் காட்டும். ஆயிரம் பேரில் நோயாளிகள் 10, பிடிபடுவது 9. நோயில்லாத 990 பேரில் தவறாகப் பிடிபடுவது 89. ஆகச் சோதனையில் சிக்கிய 98 பேரில் உண்மையில் நோய் உள்ளவர் 9 பேர்தான். சூத்திரத்தில் தலைசுற்றும் நர்ஸிங் மாணவர் இதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

கோர்ஸின் முதுகெலும்பு, மாதிரிப் பரவல். ஏழாவது வாரத்தை ஒட்டி வரும். அதற்கு முன் மூன்று பரவல்கள் மாணவர் மனத்தில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும்: முழுமைத்தொகுதியின் பரவல், கையில் உள்ள ஒரு மாதிரியின் பரவல், பல மாதிரிகள் எடுத்தால் அவற்றின் சராசரிகள் எப்படிப் பரவும் என்பது. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் கடினம். அதைக் கண்ணுக்குத் தெரியவைக்க ஒரு வகுப்பு முழுவதையும் செலவிடுங்கள். பின்னால் வரும் நம்பிக்கை இடைவெளியும் பி-மதிப்பும் இதன் மேல்தான் நிற்கின்றன.

நாணய வகுப்பு

வங்கியில் 2 டாலர் கொடுத்து ஐந்து சென்ட் நாணயச் சுருள் ஒன்று வாங்குங்கள். 40 நாணயம் இருக்கும். மாணவர் பையில் சில்லறை இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒட்டுத்தாள் ஒரு கட்டு, காகிதக் கோப்பை 30. பலகையில் அடியில் 0 முதல் 20 வரை எண் எழுதி, ஒவ்வொன்றும் ஒட்டுத்தாள் அகலத்துக்கு இடம் விடுங்கள்.

ஒவ்வொருவரும் கோப்பையில் நாணயத்தைக் குலுக்கி 20 முறை மேசையில் கொட்டித் தலை எத்தனை என்று எண்ண வேண்டும். கையால் சுண்டச் சொன்னால் நாணயங்கள் வகுப்பு முழுக்க உருண்டோடும், பாதி நேரம் தேடுவதில் போகும். ஏழெட்டு நிமிடம் இதற்கு. பிறகு தன் எண்ணை ஒட்டுத்தாளில் எழுதித் தன் இடத்தில் ஒட்டுவார்கள். ஒரு மேடு எழும்பும். ஒரு தாள் ஒரு நாணயத்தைக் குறிக்கவில்லை, இருபது சுண்டல் கொண்ட ஒரு முழு மாதிரியைக் குறிக்கிறது என்பதை அந்த மேட்டின் முன் நின்று இரண்டு முறை சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் தவறினால் வகுப்பு வெறும் விளையாட்டாக முடியும்.

30 பேர் இருந்தால் 10-இல் நிற்பது ஐந்து பேர் அளவில் வரும். பதினைந்து பேர் 10-இல் நின்றால் சிலர் குலுக்காமலே எழுதிவிட்டார்கள். அதையும் பாடமாக்கலாம்: நேர்மையான தற்செயல் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

அடுத்து கேளுங்கள்: ஒருவருக்கு 15 தலை விழுந்தால் அவர் நாணயம் கோணலா? நல்ல நாணயத்திலும் 5-ம் அதற்குக் கீழும், 15-ம் அதற்கு மேலும் விழ வாய்ப்பு, இரண்டும் சேர்த்து, நூற்றுக்கு நாலு. முப்பது பேர் வகுப்பில் ஒருவருக்காவது அப்படி விழுவது சாதாரணம். அவர் தாள் பலகை ஓரத்தில் ஒட்டியிருக்கும். அந்த நூற்றுக்கு நாலுதான் பி-மதிப்பு. பி-மதிப்பு என்ற பெயரை அன்று சொல்ல வேண்டாம். பலகையைப் புகைப்படம் எடுத்துவையுங்கள். மூன்று வாரம் கழித்து கருதுகோள் சோதனை தொடங்கும் அன்று அதே படத்தைத் திரையில் போட்டுப் பெயரைச் சொல்லுங்கள்.

பி-மதிப்பு 0.04 என்றால் இன்மைக் கருதுகோள் (நாணயம் நல்லதுதான் என்பது போன்ற தொடக்க அனுமானம்) உண்மையாக இருக்க 4 விழுக்காடு வாய்ப்பு என்று மாணவர் எழுதுவார். தவறு. இன்மைக் கருதுகோள் உண்மையென்று வைத்துக்கொண்டால் இவ்வளவு விலகிய முடிவு வர 4 விழுக்காடு வாய்ப்பு. படத்தைக் காட்டிக் கேளுங்கள்: இந்த மேட்டைக் கட்டியபோது நாணயம் நல்லது என்று முன்பே ஏற்றுக்கொண்டோம் அல்லவா?

பதில் தெரியாத கேள்வி

வரும், வாரம் ஒன்றாவது. "சரியாகப் பார்த்துவிட்டு புதன்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லி, கேள்வியைப் பலகை ஓரத்தில் எழுதுங்கள். புதன்கிழமை வகுப்பை அதிலேயே தொடங்குங்கள். சமாளித்துச் சொல்லும் பதில் தவறானால் அதே வகுப்பில் யாராவது தொலைபேசியில் தேடிப் பார்த்துவிடுவார். பலகையில் பிழை செய்துவிட்டால் அன்று மாலைக்குள் எல்லாருக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். அடுத்த வகுப்புவரை வைத்திருந்தால் சிலர் தவறான குறிப்பை வைத்து வீட்டுப்பாடம் செய்துவிடுவார்கள்.

சட்டம்

மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்க 1974-இல் வந்த ஃபெர்ப்பா சட்டப்படி மாணவரின் மதிப்பெண் அவருடையது. மாணவரின் அனுமதி உண்டா என்று அலுவலகத்தில் உறுதிசெய்யாமல், அம்மா தொலைபேசியில் கேட்டாலும் சொல்லக்கூடாது. திருத்திய தாள்களைக் கட்டாக அறை வாசலில் வைத்து "எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே சட்ட மீறல். மதிப்பெண் பற்றிப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலும் கேன்வாஸிலும் மட்டும் எழுதுங்கள்.

மாற்றுத்திறனாளர் அலுவலகத்திலிருந்து சில மாணவர்களுக்குக் கடிதம் வரும்: தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், தனி அறை என்று. என்ன குறை என்று மாணவரிடம் கேட்காதீர்கள். கடிதம் சொல்வதைச் செய்யுங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அறை பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் தவறுவது அந்தப் பதிவில்தான்.

காப்பி அடித்ததாகச் சந்தேகம் வந்தால் நீங்களே பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். இரண்டு தாளையும் நகலெடுத்து, ஒருங்கிணைப்பாளரிடம் கொண்டுபோய், பல்கலைக்கழக நடைமுறைப்படி புகார் எழுதுங்கள்.

திருத்துவதும் கடைசி வாரமும்

மாணவர் மாணவராகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள்: 35 தாளிலும் முதல் கேள்வி, பிறகு 35 தாளிலும் இரண்டாவது. அளவுகோல் நழுவாது, வேகமும் கூடும். பத்துப் பாயிண்ட் கருதுகோள் கேள்வி என்றால்: கருதுகோள்கள் எழுத 2, நிபந்தனை சரிபார்க்க 1, கணக்கு 3, பி-மதிப்பு 1, முடிவைச் சாதாரண வாக்கியத்தில் எழுத 3. கடைசி மூன்றை யாருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். நிராகரிக்கிறோம் என்று மட்டும் எழுதினால் 1. எதை, எந்த நோயாளிகள் பற்றி என்று எழுதினால்தான் 3. மறுதிருத்தம் கேட்பவர் ஒரு நாள் கழித்து, ஒரு வாரத்துக்குள், எழுத்தில் கேட்க வேண்டும் என்று சிலபஸிலேயே போட்டுவிடுங்கள்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: எது புரிய உதவுகிறது, எதை மாற்ற வேண்டும்? பெயர் வேண்டாம். "எழுத்து சின்னதாக இருக்கிறது", "வேகமாகப் பேசுகிறீர்கள்" என்று வரும். இரண்டும் மறுநாளே சரிசெய்யக்கூடியவை. செமஸ்டர் கடைசியில் பல்கலைக்கழகம் எடுக்கும் மதிப்பீட்டில் இதே புகார் முதல் தடவையாக வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இறுதி மதிப்பெண்ணைப் பதிவுசெய்யப் பெரும்பாலும் தேர்வு முடிந்து சில நாட்களே தருவார்கள். அனுப்புமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கேன்வாஸில் கொடுக்காத வீட்டுப்பாடம் வெறுமையாக இருந்தால் அது கூட்டலில் சேராது. பூஜ்யம் என்று நீங்கள் போட்டால்தான் சேரும். பாதி வீட்டுப்பாடம் கொடுக்காத மாணவருக்கு மொத்தம் 91 என்று காட்டிக்கொண்டிருக்கும், அவரும் செமஸ்டர் முழுக்க ஏ கிரேடு என்றே நம்பியிருப்பார். ஒவ்வொரு கெடு முடிந்ததும் வெற்றிடங்களில் பூஜ்யம் போட்டுவிடுங்கள். கடைசி நாளில் நாலைந்து மாணவரின் மொத்தத்தைக் கையால் கூட்டி, கேன்வாஸ் காட்டும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள்.